அக்காவுக்கு மட்டும்

அன்புள்ள அக்கா,

போனில் நீ கேட்டால் "அப்படியேதான் இருக்கேன்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, பக்கத்தில் அம்மா இருப்பாள் என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். நீ படித்துவிட்டு அவளுக்கு எது வேண்டுமோ அதை மட்டும் சொல்.

இங்கே பர்மிங்காம் ஆஸ்பத்திரியில் என் தசை தளரும் நோய்க்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, கை காலை ஒவ்வொன்றாகத் தள்ளச் சொல்லி 0 முதல் 5 வரை மார்க் போடுகிறார்கள். 5 முழு பலம். 3 என்றால் காலைத் தூக்க முடியும், ஆனால் லேசாக அழுத்தினாலே இறங்கிவிடும். என் தொடை இப்போது 3, போன வருஷம் 4. அப்புறம் ஆறு நிமிடம் வராந்தாவில் நடக்கவிட்டு எத்தனை மீட்டர் என்று குறிப்பார்கள், உட்கார்ந்தும் மல்லாந்து படுத்தும் குழாயில் ஊதச் சொல்வார்கள். படுத்து ஊதும்போது ரொம்பக் குறைந்தால் மூச்சுத் தசை தளர்கிறதாம். எனக்குக் குறையவில்லை, அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடு.

நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தேனா, பஸ்ஸில் ஏறக் கம்பியை ஒரு கையால் பிடித்தேனா இரண்டு கையாலா, மேல் தட்டில் இருக்கிற புளி டப்பா எட்டியதா, இப்படி. உடம்பு பெரிய கள்ளன் அக்கா, ஒரு தசை போனால் இடுப்பை ஆட்டி முதுகை வளைத்து எப்படியோ சமாளித்துவிடும், நமக்கு ஒன்றும் குறையாத மாதிரியே இருக்கும், பழைய பக்கத்தைப் புரட்டினால்தான் அட, இதைச் செய்துகொண்டிருந்தேனே என்று தெரியும். குளிர்காலப் பக்கங்களை மட்டும் நான் நம்புவதில்லை. விறைப்பில் எல்லாமே மோசமாகத் தெரியும்.

அம்மா மறுபடி கிரகணம் என்று ஆரம்பித்தால் நிறுத்து. அவளிடம் ஒரு பழுதான ஜீன், அப்பாவிடம் அதே மாதிரி ஒன்று, இரண்டும் சேர்ந்து எனக்கு வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, அவ்வளவுதான். சொந்தத்தில் கட்டினால் இரண்டு பேரிடமும் அதே பழுதான ஜீன் இருக்கிற வாய்ப்பு கூடும். மாமா வீட்டில் உன் பெண்ணைக் கேட்கிறார்கள் என்றாயே, தேதி குறிக்கும் முன் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி ஜெனிடிக்ஸ் பிரிவில் என் ரிப்போர்ட்டைக் காட்டி பெண்ணுக்கும் பையனுக்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள். மாமா கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

பொங்கலுக்கு வருகிறேன். சோளிங்கர் வேண்டுதலுக்கு 1305 படி என்னால் ஏற முடியாது, இப்போதுதான் ரோப்கார் இருக்கிறதே. வீடுதான் பிரச்சினை. கீழே உட்கார்ந்தால் எழ முடியாது, அதனால் பின்பக்கக் கக்கூஸில் வெஸ்டர்ன் வேண்டும், சாதாரணத்தைவிட உயரமாக, சுவரில் கைப்பிடியோடு. அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று நோட்டு சொல்கிறது, சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி கதவையும் இப்போதே அகலமாக்கிவிடலாம், இரண்டு தடவை இடித்துக் கட்ட வேண்டாம். வாசல் படி எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், கதவு எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. கொத்தனாரை அப்புறம் கூப்பிடலாம், பணம் நான் போடுகிறேன்.

உன் தம்பி