ஏமாந்தவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இதழில் இணையவழிப் பண மோசடி பற்றி வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். அதன் கடைசிப் பத்தியில், “பேராசை உள்ளவரை மோசடிக்காரர்களுக்குப் பிழைப்பு உண்டு” என்று எழுதியிருக்கிறீர்கள். இருபத்தாறு ஆண்டுகளாக உங்கள் நாளிதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி என் மனத்தைப் புண்படுத்திவிட்டது.

செவ்வாய்ப்பேட்டையில் சிறிய கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கொரோனா ஊரடங்கில் வெளியூர் வியாபாரிகளின் வரத்து நின்றபின், கொலுசுகளைப் படம் எடுத்துச் செல்போனில் போட்டு, முகம் தெரியாதவர்களுக்கும் விற்கத் தொடங்கினேன். சென்ற ஆடி மாதம் ஒருவர் அழைத்து, தாம் ராணுவத்தில் இருப்பதாகவும் மகளுக்கு ஒரு ஜோடி வேண்டும் என்றும் கேட்டார். சீருடையில் எடுத்த படமும் அடையாள அட்டையும் அனுப்பினார். எடைக்கும் கூலிக்கும் சேர்த்து 9,600 ரூபாய் ஆகும் என்றேன். கணக்கு சரிதானா என்று பார்ப்பதாகச் சொல்லி முதலில் ஒரு ரூபாய் அனுப்பினார். அது உண்மையாகவே வந்து சேர்ந்தது. பிறகு ஒரு கியூஆர் கோடு அனுப்பி, ராணுவத்தில் பணம் இப்படித்தான் அனுப்புவோம், ஸ்கேன் செய்து, உங்கள் ரகசிய எண்ணான பின் நம்பரைப் போட்டால் உங்கள் கணக்கில் ஏறிவிடும் என்றார். மெருகு படிந்திருந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அந்த நான்கு எண்களையும் போட்டேன். 9,600 ரூபாய் என் கணக்கிலிருந்து போயிற்று. ஏதோ தவறு நடந்துவிட்டது, இன்னொரு முறை செய்தால் இரண்டும் சேர்ந்து திரும்பிவிடும் என்றார். செய்தேன். மொத்தம் 19,200 ரூபாய்.

இதில் பேராசை எங்கே இருக்கிறது, ஐயா? என் சரக்குக்கு உரிய விலையைத்தானே கேட்டேன்? எனக்குத் தெரியாமற்போனது ஒரே ஒரு செய்திதான்: பணம் பெறுவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை, பின் நம்பர் போட்டால் நம் பணம் வெளியே போகும். செல்போனில் பணம் அனுப்பும் இந்த யுபிஐ முறை வந்தது 2016-இல். என் பட்டறைச் சுவரில் கியூஆர் கோடு ஒட்ட வந்த இளைஞரும் சொல்லவில்லை. கணக்கு வைத்திருக்கும் வங்கியிலும் எவரும் சொல்லவில்லை. விழிப்புடன் இருங்கள் என்ற சுவரொட்டி மட்டும் அங்கே தொங்குகிறது; எதில் விழிப்பு என்று அதில் இல்லை.

மறுநாள் காலை வங்கிக்குப் போனேன். பின் நம்பரை நீங்களே போட்டிருக்கிறீர்கள், நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டார் அதிகாரி. வாடிக்கையாளருக்குத் தெரியாமல், அவர் தவறும் இல்லாமல் பணம் எடுக்கப்பட்டு, மூன்று வேலை நாட்களுக்குள் அவர் தெரிவித்துவிட்டால் இழப்பு அவருடையது அல்ல என்று ரிசர்வ் வங்கி 2017-இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. என் கையாலேயே போட்டுக் கொடுத்த பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதை அங்கே நின்றுகொண்டுதான் தெரிந்துகொண்டேன். காவல் நிலையத்தில், பணம் போன இரவே இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். உடனே பதிவு செய்தால், பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டாம். உங்கள் கட்டுரையிலும் அந்த எண் இருந்தது. பதினோராம் பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில்.

என் தந்தையாரும் முகம் தெரியாதவர்களுக்கு விற்றவர்தான். அந்நாளில் வி.பி.பி. தபாலில் மாதிரிக் கொலுசு அனுப்புவார். வாங்குபவர் தபால்காரரிடம் பணம் கட்டினால்தான் பார்சல் அவர் கைக்குப் போகும், பணம் மணியார்டராக எங்களுக்கு வரும். பணம் கட்டியபின்தான் பெட்டியைத் திறக்க முடியும் என்ற குறை அதில் இருந்தது. ஆனாலும் அறியாத இருவருக்கு நடுவில் மூன்றாமவர் ஒருவர் நின்றார். இன்று பெரிய வணிகத் தளங்களில் வாங்கினால் அந்தத் தளம் நடுவில் நிற்கிறது. செல்போன் விளம்பரத்தைப் பார்த்து ஆளுக்கு ஆள் விற்கும்போது நடுவில் யாரும் இல்லை. உங்கள் கட்டுரை விளக்கியிருக்க வேண்டியது இதைத்தான்.

பணம் கேட்டு வரும் கோரிக்கையை ஏற்காதீர்கள் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். தனி ஆளுக்குத் தனி ஆள் அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் நிறுத்திவிட்டது. அடைபட்ட வழியைப் பற்றி எச்சரித்துவிட்டு, இன்றும் திறந்தே கிடக்கும் கியூஆர் கோடு வழியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் விட்டது சரிதானா? என் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர், பணம் அனுப்பியதாகக் காட்டிய ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ஒரு ஜோடியைக் கொடுத்தனுப்பினார்; பணம் வரவே இல்லை. கணக்கில் பணம் ஏறியதாகக் குறுஞ்செய்தியும் பொய்யாக அனுப்புகிறார்கள். வங்கியின் செய்தி எழுத்துகளாலான பெயரில் வருமே தவிர, பத்து இலக்கச் செல்போன் எண்ணிலிருந்து வராது. இப்போது நான் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்க்காமல் ஒரு கொக்கியைக்கூடக் கொடுப்பதில்லை. உள்ளூர்க்காரர் என்றால், கடைக்கு வந்து பொருளைக் கையில் வாங்கிப் பார்த்துப் பணம் தாருங்கள் என்கிறேன். வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: முன்பணம் கேட்கும் புதியவருக்கு யுபிஐயில் அனுப்பாதீர்கள், அதை வங்கி தானாகத் திரும்ப எடுத்துத் தராது, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், பொருள் வராதபோது வங்கியிடம் முறையிட்டுத் திரும்பக் கேட்கவாவது வழி இருக்கிறது.

நீங்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வரிவிளம்பரம் வரும் பக்கத்தில் வாரம் ஒரு முறை ஒரு சிறு கட்டம் போடுங்கள். பணம் பெறப் பின் நம்பர் தேவையில்லை என்ற வரியும் 1930 என்ற எண்ணும் இருந்தால் போதும். என் மனைவி கண்ணாடி போடாமல் படிக்கும் அளவுக்கு எழுத்து பெரியதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத கொலுசுப் பட்டறைக்காரர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.