மாறியது கேள்விதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாற்றுத்திறனாளிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையோடு ஒரு கோட்டுப்படம் போட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் 2001 கணக்கெடுப்பில் 16.4 லட்சம் பேர், 2011இல் 11.8 லட்சம் பேர். கண் சிகிச்சை முகாம்களின் பலன் என்று கீழே ஒரு குறிப்பு. முகாம்களை நான் குறை சொல்லவில்லை, என் அம்மாவுக்குக் கண்புரை எடுத்ததே அப்படியொரு முகாமில்தான். ஆனால் அந்த இரண்டு கணக்கெடுப்புக்கும் வீடு வீடாகப் படியேறிய ஆசிரியை நான். கோடு இறங்கியதற்கு வேறு கதை இருக்கிறது.

பார்வைக் குறைபாட்டை மட்டும் பாருங்கள். 2001இல் 9.64 லட்சம், 2011இல் 1.27 லட்சம். பத்து வருஷத்தில் எட்டு லட்சம் பேருக்குப் பார்வை திரும்பிவிட்டதா என்ன? 2001இல் ஒரு கண் மட்டும் தெரிந்தாலும் குறைபாடு என்று எழுதச் சொன்னார்கள். 2011இல் ஒரு கண் நன்றாகத் தெரிந்தால் எழுத வேண்டாம் என்றார்கள். சந்தேகமாக இருந்தால் பத்தடி தள்ளி நின்று விரல்களைக் காட்டி எண்ணச் சொல்ல வேண்டும். நான் வாசலில் நின்று மூன்று விரலை நீட்டியதும், "என்ன டீச்சர், கண் டாக்டர் வேலையும் உங்க தலையிலதானா?" என்று ஒரு பெரியவர் சிரித்தார். மூன்று என்று சரியாகச் சொன்னார், பட்டியலிலிருந்தும் போய்விட்டார்.

காது விஷயம் நேர்மாறு. 2001இல் காதுக்கருவி வைத்துக் கேட்பவரைச் சேர்க்கக் கூடாது, 2011இல் சேர்க்க வேண்டும். 72 ஆயிரமாக இருந்த எண்ணிக்கை 2.2 லட்சம் ஆனது. அதற்குக் கருவி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்நாட்டில் செவிடு மூன்று மடங்கானது என்று நீங்கள் தலைப்புப் போடவில்லையே. இன்னும் பின்னால் போனால், 1981இல் முற்றிலும் பார்வை இல்லாதவர், முற்றிலும் முடமானவர், முற்றிலும் பேச முடியாதவர் என்றுதான் கேட்டார்கள். நாடு முழுக்கவே 11 லட்சம் பேர்தான் தேறினார்கள். 1991இல் கேட்கவே இல்லை. 2001இல் 2.19 கோடி.

வேலைவாய்ப்புக் கணக்கும் இதே கதைதான். நாட்டின் மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருப்பவர்கள் 36 சதவீதம், அது 2018இல் 23 ஆகச் சரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். 36 என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கைக்குழந்தை முதல் எல்லா வயதினரையும் சேர்த்தது. 22.8 என்பது 2018இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76ஆவது சுற்று, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் மட்டும். கேட்ட கேள்வி வேறு, யாரை மாற்றுத்திறனாளி என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதும் வேறு. எங்கள் தெருவில் லேத் பட்டறையில் ஒரு கண்ணை இழந்தவர் ஒருவர் உண்டு. 2001இல் அவர் வேலையில் இருக்கும் மாற்றுத்திறனாளி. 2011இல் அதே பட்டறை, அதே மெஷின், ஆனால் அந்தக் கணக்கில் அவர் இல்லை. யாருக்கும் வேலை போகாமலேயே சதவீதம் மாறிவிடுகிறது.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். படிவத்தில் இருந்தது, போன ஒரு வருஷத்தில் எப்போதாவது வேலை செய்தாரா என்ற கேள்வி. வெயிலில் நாற்பதாவது வீட்டில் அது "வேலைக்குப் போறாங்களா?" என்று சுருங்கிவிடும். போலியோவால் கால் சூம்பிய ஒரு பெண்ணைப் பற்றி அப்படித்தான் கேட்டேன். "அவ எங்க வேலைக்குப் போறா, வீட்டோடதான் கெடக்கா" என்றார் அவள் அம்மா. உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம். "தைச்சதுக்குக் காசு வாங்குறாளா?" என்று மறுபடி கேட்டேன். "அது வாங்குறா, ஊர் ஜாக்கெட் பூரா அவ கையிலதான்." எழுதியதை அடித்துத் திருத்தினேன். எத்தனை வீட்டில் அந்தச் சத்தம் கேட்காமல் எழுதிவிட்டு வந்தேனோ.

"ஊனம் யாருக்காவது இருக்கா?" என்றால் கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். படி ஏறச் சிரமமா, கண்ணாடி போட்டும் பார்க்கச் சிரமமா என்றால் தயங்காமல் சொல்வார்கள். வாஷிங்டன் குழு என்ற சர்வதேச அமைப்பின் ஆறு கேள்விகள் இந்த வகைதான். சிரமம் இல்லை, கொஞ்சம், அதிகம், முடியவே முடியாது என்று நான்கு பதில்கள். அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 1 மார்ச் 2027. அதற்குப் போகும் ஆசிரியர்களுக்கு, கேள்வியைச் சுருக்காமல் கேட்கவாவது பயிற்சியில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு வந்ததும் நீங்கள் மறுபடி கோடு போடுவீர்கள். அப்போது ஒவ்வொரு புள்ளியின் கீழும் அந்த வருஷம் கேட்ட கேள்வியைப் பொடி எழுத்திலாவது அச்சிடுங்கள். சென்ற இதழ்ப் படத்தில் 2001க்கும் 2011க்கும் நடுவே கோட்டை வெட்டிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திண்டுக்கல்.