கோபுரக் கணக்கு போதும், அமைச்சர்களே

வளரும் நாடுகளின் தொலைத்தொடர்பு அமைச்சர்களுக்கும் நிதி அமைச்சர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். உங்களில் பலரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது நாடாளுமன்றத்திலோ பன்னாட்டு மாநாட்டு மேடையிலோ நாட்டின் வரைபடம் ஒன்றைக் காட்டுகிறீர்கள். அதில் பெரும்பகுதி வண்ணம் பூசப்பட்டிருக்கும். இத்தனை ஆயிரம் கோபுரங்கள், இத்தனை கிலோமீட்டர் கண்ணாடியிழை, இத்தனை விழுக்காட்டு மக்களுக்குச் சிக்னல் என்று வாசிக்கிறீர்கள், அவையும் கைதட்டுகிறது. அந்த வரைபடம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சிக்னல் எட்டியவர்களில் எத்தனை பேரால் அதை வைத்து ஏதாவது செய்துகொள்ள முடிந்தது என்று நீங்கள் வாசித்து நான் கேட்டதே இல்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

செல்பேசி நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2024-இல் வெளியிட்ட கணக்கு இது. செல்பேசி இணையம் எட்டாத இடங்களில் வாழ்கிறவர்கள் உலக மக்களில் 4 விழுக்காடு, ஏறத்தாழ 35 கோடிப் பேர். எட்டியும் பயன்படுத்தாதவர்கள் 39 விழுக்காடு, ஏறத்தாழ 310 கோடிப் பேர். இதில் கைக்குழந்தைகளும் அடக்கம் என்று உங்கள் அதிகாரிகள் குறிப்பு எழுதித் தருவார்கள். கழித்துவிட்டே பாருங்கள், அப்போதும் இரண்டாவது கூட்டம் முதலாவதைவிடப் பல மடங்கு பெரியது. உங்கள் கோபுரங்கள் முதல் கூட்டத்துக்கானவை. அவை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவது கூட்டத்துக்கு உங்களிடம் என்ன திட்டம் இருக்கிறது?

அதே ஆண்டில் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தந்த மதிப்பீட்டின்படி, உயர்வருமான நாடுகளில் 93 விழுக்காட்டினர் இணையத்தில் இருக்கிறார்கள். குறைந்த வருமான நாடுகளில் 27 விழுக்காட்டினர். 2015-இல் ஐ.நா. சபையில் நீடித்த வளர்ச்சி இலக்குகளை நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஏற்றுக்கொண்டபோது, மிகவும் பின்தங்கிய நாடுகளில் 2020-க்குள் எல்லோருக்கும் கட்டுப்படியாகும் இணையம் கிடைக்க முயல்வோம் என்று 9.சி இலக்கில் எழுதினீர்கள். ஆண்டு கடந்துபோனது. அதற்காக யாரும் விளக்கம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இணையம் வந்தால் வறுமை தானாகக் குறையும் என்ற பேச்சை நான் நம்புவதில்லை. ஆனால் தொடர்பு வசதி ஏழைகளின் கையில் உண்மையாகவே காசாக மாறிய இடங்கள் உண்டு. அங்கெல்லாம் என்ன நடந்தது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

கென்யாவில் 2007 மார்ச்சில், செல்பேசி வழியே பணம் அனுப்பும் எம்-பெசா சேவை தொடங்கியது. அதற்கு ஸ்மார்ட்போன் தேவையில்லை, இணையமும் தேவையில்லை. சாதாரணப் பொத்தான் செல்பேசியும் சிம் அட்டையும் போதும். பணத்தை ஒரு முகவரிடம் கொடுத்தால் அது கணக்கில் ஏறும்; அங்கிருந்து செல்பேசியிலேயே ஊருக்கு அனுப்பலாம். தொலைதூரத்தில் இருக்கும் தாய் தன் பக்கத்து முகவரிடம் போய் ரொக்கமாக வாங்கிக்கொள்வார். பொருளாதார ஆய்வாளர்கள் தவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தச் சேவையால் 1,94,000 குடும்பங்கள், அதாவது அந்நாட்டுக் குடும்பங்களில் 2 விழுக்காடு, வறுமையிலிருந்து மேலே வந்தன. சுமார் 1,85,000 பெண்கள் விவசாயத்தை விட்டுச் சிறு வணிகத்தை முதன்மைத் தொழிலாக்கிக்கொண்டார்கள். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அந்த ஆய்வாளர்கள் விளைவை எதை வைத்து அளந்தார்கள் தெரியுமா? முகவர் வீட்டுக்கு எவ்வளவு அருகில் வந்தார் என்பதை வைத்து. ரொக்கத்தை வாங்கிக்கொண்டு, தெரியாததைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு மனிதர் நடந்துபோகும் தூரத்தில் வந்து உட்கார்ந்ததும் மாற்றம் தொடங்கியது. உங்கள் வண்ண வரைபடத்தில் அந்த மனிதருக்கு நிறம் இல்லை.

கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை செல்பேசி பரவியபோது நடந்ததைப் பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்தார். அதற்கு முன்பு மத்தி பிடித்து வரும் படகு தன் வழக்கமான துறைக்கே போகும். அங்கே வாங்க ஆள் இல்லையென்றால் மீனைக் கடலிலேயே கொட்ட வேண்டியதுதான். சில மைல் தள்ளி அடுத்த துறையில் மீன் கிடைக்காமல் விலை ஏறிக் கிடக்கும். செல்பேசி வந்த பிறகு, கரையேறும் முன்பே எங்கே வாங்குகிறார்கள் என்று மீனவர்கள் கேட்டறிந்தார்கள். மீன் வீணாவது கிட்டத்தட்ட நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது. வாங்குபவர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது. விற்றவருக்கும் லாபம், வாங்கியவருக்கும் லாபம். எல்லாம் வெறும் பேச்சு அழைப்பில்.

மூன்றாவதாக ஒன்று, நான் மிகவும் விரும்பும் உதாரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதி ஊர்களில் தகவல் மையங்களை நடத்தியது. கடலோர ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, அதைத் தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். மீனவர் யாரும் கணினி முன் உட்கார வேண்டியிருக்கவில்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்த காலை, பக்கத்து ஊரான நல்லவாட்டில் அதே வகை மையத்தின் ஒலிபெருக்கிதான் மக்களைக் கரையைவிட்டு ஓடச் சொன்னது. ஊரார் உயிர் பிழைத்தார்கள். ஓர் இணைப்பு, அதை வாசிக்கத் தெரிந்த ஓர் ஆள், ஊருக்குப் புரியும் மொழி, ஒரு குழாய் ஒலிபெருக்கி. இதற்கு எவ்வளவு செலவாகும் என்று உங்கள் நிதித்துறையைக் கேட்டுப் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற முழக்கத்தை நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005-இல் உலகத்துக்கு அறிவித்தார். பெரு நாடு 8 லட்சத்துக்கும் அதிகமான கருவிகளை வாங்கியது. 2012-இல் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கியின் மதிப்பீடு வந்தது: கணக்கிலும் மொழிப்பாடத்திலும் பிள்ளைகளின் தேர்ச்சியில் முன்னேற்றம் தென்படவில்லை. கருவியை வாங்குவது எளிது; டெண்டர் விடலாம், ரிப்பன் வெட்டலாம். அந்தக் கருவியை வைத்துப் பாடம் நடத்த ஆசிரியருக்குப் பயிற்சி கொடுப்பதில் ரிப்பன் இல்லை.

இனி என் முதன்மையான மனக்குறைக்கு வருகிறேன். பாலம் கட்டி முடிக்கும் முன்பே படகை நிறுத்திவிடுகிறீர்கள்.

கணவரை இழந்த ஒரு பெண் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி நேரில் விண்ணப்பம் வாங்கப்படாது, இணையத்தில் மட்டுமே என்று அலுவலகக் கதவில் ஒட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனின் செல்பேசியில் பக்கத்தைத் திறக்கிறார்கள். படிவம் ஆட்சியாளர்களின் மொழியில் இருக்கிறது; அவர் வீட்டில் பேசும் மொழியில் இல்லை. கணவர் பெயர் அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் இறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக் கூடியும் இருக்கிறது. எழுத்தர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் ஆளைப் பார்த்து, விசாரித்து, சரி என்று முத்திரை குத்தியிருப்பார். கணினி 'பொருந்தவில்லை' என்று சிவப்பில் எழுதுகிறது. எப்படியோ அதைத் தாண்டினால் ஓடிபி கேட்கிறது. அது கணவரின் எண்ணுக்குப் போகிறது. ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் கிடந்த அந்த எண்ணை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. முன்பின் தெரியாத யாருடைய செல்பேசியிலோ ஆறு இலக்கங்கள் வந்து விழுகின்றன; இங்கே நேரம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்குங்கள் என்கிறது திரை. அடுத்த வாரம் அவர் தரகரிடம் போகிறார். முதல் மாதத் தொகையில் ஒரு பங்கு தரகருக்கு. உங்கள் அறிக்கையில் மட்டும் இடைத்தரகர்கள் ஒழிந்துவிட்டார்கள்.

இது மிகை என்று தோன்றினால் இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் வழங்கிய தீர்ப்பைப் படியுங்கள். வங்கிக் கணக்குக்கும் சிம் அட்டைக்கும் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று உறுதிசெய்ய, கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னது மின்னணுச் சரிபார்ப்பு. அமிலத் தாக்குதலில் முகமும் கண்ணும் சிதைந்தவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? பார்வையற்றவர்கள் திரையில் தங்கள் முகத்தை எப்படிக் கட்டத்துக்குள் நிறுத்துவார்கள்? அவர்கள் வழக்குப் போட்ட பிறகுதான், டிஜிட்டல் அணுகல் என்பது வாழும் உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அந்தப் படிவத்தை வடிவமைத்த அறையில் அவர்களில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் வழக்கே தேவைப்பட்டிருக்காது.

வேறுவிதமாகவும் செய்ய முடியும். பெருந்தொற்று தொடங்கிய 2020 ஏப்ரலில் டோகோ அரசு 'நொவிசி' என்ற உதவித்திட்டத்தைத் தொடங்கியது. எந்தச் சாதாரணச் செல்பேசியிலும் சில எண்களை அழுத்தி, வாக்காளர் அட்டை எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்யலாம். பணம் செல்பேசிக் கணக்குக்கே வந்தது. பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்றுக் கூடுதல் தொகை. குறைகள் அதிலும் உண்டு. செல்பேசியே இல்லாதவர்கள் வெளியேதான் நின்றார்கள். ஆனால் நாட்டிலுள்ள மிக மலிவான கருவியை மனத்தில் வைத்து வடிவமைத்தார்கள் பாருங்கள், அந்தப் புத்தியை நான் மெச்சுகிறேன். உங்கள் நாட்டில் புதுச் செயலி வெளியிடும்போது எந்தக் கருவியில் சோதிக்கிறார்கள்? அமைச்சரின் செல்பேசியில்தானே?

நிதி அமைச்சர்களே, அடுத்தது உங்களுக்கு. ஒரு துறை டிஜிட்டல் புரட்சி என்று பேசும்போது, இன்னொரு துறை செல்பேசியை ஆடம்பரப் பொருள் என்று வரி போடுகிறது. உகாண்டா 2018 ஜூலையில், சமூக ஊடகங்களைப் பயன்படுத்த நாளொன்றுக்கு 200 ஷில்லிங் வரி விதித்தது. நாள்கூலிக்காரர் வேலை இருக்கிறதா என்று வாட்ஸ்அப்பில் கேட்பதற்குக்கூட முதலில் அரசுக்குக் கப்பம் கட்ட வேண்டும். 2021-இல் அதை எடுத்துவிட்டு இணைய டேட்டாவுக்கு 12 விழுக்காடு வரி கொண்டுவந்தார்கள். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. தென்னாப்பிரிக்கா 2025-இல் 2,500 ராண்டுக்குக் குறைந்த ஸ்மார்ட்போன்களுக்கு ஆடம்பர வரியை நீக்கியது. மற்றவர்கள் ஏன் இன்னும் தயங்குகிறீர்கள்? மலிவுக் கருவிகளிலிருந்து வரும் வரி எவ்வளவு, அந்த வரியால் வாங்காமல் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று யாராவது உங்களுக்குக் கணக்குப் போட்டுத் தந்தார்களா?

கட்டணம் குறைந்துவிட்டது என்று பதில் வரும். ஐ.நா. பிராட்பேண்ட் ஆணையம் வைத்த இலக்கு, தொடக்கநிலை இணையக் கட்டணம் தனிநபர் மாத வருமானத்தில் 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது. அது சராசரி வருமானம். கோடீசுவரரையும் கூலிக்காரரையும் கூட்டி வகுத்து வந்த எண்ணில் 2 விழுக்காடு என்றால், கூலிக்காரரின் கணக்கில் அது எத்தனை விழுக்காடு? கடைசி ஐந்தில் ஒரு பங்கு ஏழைகளின் வருமானத்தை வைத்து இந்த இலக்கை அளந்து வெளியிடுங்கள். பல நாடுகளில் வண்ணம் உடனே மாறிவிடும்.

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களில் பல நாடுகளில், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் ஒரு பங்கைப் பொதுச் சேவை நிதி என்று பிடித்து வைக்கிறீர்கள். இந்தியாவில் அது 2002 முதல் இருக்கிறது, சரிக்கட்டிய மொத்த வருவாயில் (சில கழிவுகள் போக எஞ்சும் வருவாயில்) 5 விழுக்காடு. பின்தங்கியவர்களுக்காகப் பிடித்த பணம் பல நாடுகளில் செலவாகாமல் கிடக்கிறது, அல்லது வேறு எதற்கோ போகிறது. செலவான இடத்திலும் பெரும்பகுதி கம்பிக்கும் கோபுரத்துக்கும்தான். சட்டவிதியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்பீர்கள். எழுதியவர்கள் நீங்கள்தானே, திருத்துங்கள்.

அந்த நிதியில் ஒரு பங்கை மனிதர்களுக்கு ஒதுக்குங்கள். அரசு அலுவலகம், அஞ்சலகம், நூலகம், கூட்டுறவுச் சங்கம், எங்கே மக்கள் ஏற்கெனவே போய்வருகிறார்களோ அங்கே படிவம் நிரப்பித் தரச் சம்பளத்துக்கு ஓர் ஆள். முடிந்தவரை அந்த ஊர்ப் பெண். உலகளவில் ஆண்களில் 70 விழுக்காட்டினரும் பெண்களில் 65 விழுக்காட்டினரும் இணையத்தில் இருக்கிறார்கள் என்ற 2024 மதிப்பீட்டில் இடைவெளி சிறிதாகத் தெரியும். குறைந்த வருமான நாடுகளில் அது மிகப் பெரிது. வீட்டில் ஒரே செல்பேசி, அது ஆணின் சட்டைப்பையில் என்ற நிலையில், இன்னொரு பெண்ணிடம் கேட்பது எளிது. சேவைகள் குரல்வழியிலும் இருக்கட்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர் காதால் கேட்டு முடிவெடுப்பார். ஏழைக் குடும்பத்துக்கு முதல் கருவி வாங்கத் தவணைக் கடனோ மானியமோ கொடுங்கள்.

எந்தச் சேவையையும் 'இணையத்தில் மட்டும்' என்று மாற்றும் ஆணையில் கையெழுத்திடும் முன், அந்தச் சேவைக்கு உரியவர்களில் எத்தனை பேர் துணையில்லாமல் அதைச் செய்து முடிக்கிறார்கள் என்று சோதித்து, முடிவை வெளியிடுங்கள். பெரும்பாலானவர்களால் முடிகிறது என்பது போதாது. முடியாதவர்களுக்குக் கவுன்ட்டர் திறந்தே இருக்க வேண்டும், அங்கே கூடுதல் கட்டணமும் கூடாது.

அடுத்த நிதிநிலை அறிக்கையில் கோபுரங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் மூன்று எண்களை நான் எதிர்பார்க்கிறேன்: பொதுச் சேவை நிதியில் செலவாகாமல் இருக்கும் தொகை, அதில் மனிதர்களுக்கும் கருவிகளுக்கும் ஒதுக்கிய பங்கு, இணையவழி விண்ணப்பம் பாதியிலேயே நின்றுபோனவர்களின் எண்ணிக்கை. கடைசி எண் உங்கள் கணினிகளிலேயே பதிவாகியிருக்கிறது. அதை எடுத்துத் தர ஓர் ஆணை போதும்.

பதிலை எதிர்நோக்கி,
வளரும் நாடு ஒன்றின் குடிநபர்