ஏழில் வாசித்தால் என்ன குற்றம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஃப்யூஷன் (பல பாணி இசையைக் கலப்பது) கட்டுரையில், ஒரு சுற்றுக்கு ஐந்து தட்டு, ஏழு தட்டு என்று ஒற்றைப்படைக் கணக்கில் மெட்டுப் போடுவதெல்லாம் வெறும் வித்தை காட்டல், கேட்கிறவருக்குத் தலைவலி என்று எழுதியிருந்தார்கள். ஒப்புக்கொள்ள முடியவில்லை. அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு 1959ல் நியூயார்க்கில் பதிவு செய்த 'டேக் ஃபைவ்' ஐந்து கணக்குதானே, அதைக் கேட்டு யாருக்குத் தலை வலித்தது? கர்நாடக இசையின் ஏழு தட்டுத் தாளமான மிஸ்ர சாப்பு கேட்டு வளர்ந்த நமக்கு ஏழு என்ன புதுசா?

சமீபத்தில் நண்பர்களோடு சேர்ந்து சொந்த ஜாஸ் ஃப்யூஷன் மெட்டு ஒன்றை ஏழு கணக்கில் பதிவு செய்தோம். படுத்தியது தாளம் இல்லை, வேகம் தப்பாமல் இருக்க ஹெட்ஃபோனில் ஓடும் கிளிக் சத்தம். ஏழு தட்டும் ஒரே மாதிரி டிக் டிக் என்று விழுந்தால் சமம், அதாவது சுற்றின் முதல் தட்டு, எங்கே என்று எவனுக்குத் தெரியும்? அதை 3, 2, 2 என்று பிரித்து, ஒவ்வொன்றின் முதல் தட்டை மட்டும் அழுத்தமாக வைத்தோம், பேஸ் கிட்டாரும் அந்த இடங்களில் மட்டும் விழுந்தது, அப்புறம் எல்லாம் தானாக உட்கார்ந்துவிட்டது. டிரம்ஸ் நண்பர் ஹை-ஹாட்டை (டிரம்ஸில் உள்ள ஜோடி சிம்பலை) ஒன்றுவிட்டு ஒரு தட்டில் அடித்தார், அது சமத்துக்குத் திரும்ப இரண்டு ஆவர்த்தனம் (சுற்று), அதாவது 14 தட்டு ஆகும். கேட்பவர் எண்ணவே வேண்டாம், அந்த ஊசலே இழுத்துக்கொண்டு போகும். (சாக்ஸபோன்காரர் மட்டும் கடைசிவரை விரல் விட்டு எண்ணினார், அது வேறு கதை.)

அடுத்த முறை இப்படி வாசிப்பவர்களிடமும் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

— கீபோர்டு வாசிக்கும் வாசகர், மயிலாப்பூர், சென்னை