ஒரே சுவிட்ச், மூன்று சப்நெட்

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள குமரேசா,

அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததை மாறன் சொன்னான், மகிழ்ச்சி. இங்கு அனைவரும் நலம். தைப்பூசத்துக்கு நீ தண்ணீர்மலைக்கு வருவதாகச் சொன்ன வாக்கை என் தங்கை மறக்கவில்லை, நீயும் மறக்காதே. மற்றவை நேரில் பேசலாம். இப்போது நான் எழுதுவது உங்கள் பிரிக்பீல்ட்ஸ் கட்டடத்துக்கும் அப்படியே பொருந்தும் என்பதால் பொறுமையாகப் படி.

லெபோ பசாரில் ஒரு பழைய கடைவீட்டின் நெட்வொர்க்கைப் பார்க்க அழைத்திருந்தார்கள். கீழே துணிக்கடை, முதல் மாடியில் டியூஷன் நிலையம், அதற்கும் மேலே கணக்காயர் அலுவலகம். மூவருக்கும் ஒரே ஃபைபர் இணைப்பு, படிக்கட்டின் அடியில் மூவரின் கேபிள்களையும் இணைக்கும் ஒரே சுவிட்ச். முன்பு பொருத்தியவர் கடைக்கு 192.168.10, டியூஷனுக்கு 192.168.20, கணக்காயருக்கு 192.168.30 என்று கணினிகளின் ஐ.பி. முகவரிகளை மூன்று தொகுதிகளாக, அதாவது சப்நெட்டுகளாக, பிரித்துவிட்டு, இனி ஒருவர் பக்கம் மற்றவர் வர முடியாது என்று உறுதி சொல்லிப் போயிருக்கிறார்.

டியூஷன் நிலையத்தின் மேசையில் மடிக்கணினியை இணைத்து நெட்வொர்க்கில் ஓடுவதைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்ததுமே, மேல்மாடியின் பிரிண்டரைத் தேடி, இந்த ஐ.பி. முகவரி யாருடையது என்று எல்லோரிடமும் கேட்கும் ஏ.ஆர்.பி. கேள்விகள் வரிசையாக வந்து விழுந்தன. கணக்காயரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என் முகவரியை 192.168.30.77 என்று கையால் மாற்றினேன். அவருடைய பகிர்வுக் கோப்புறை, வாடிக்கையாளர் பெயர்களோடு, திரையில் வந்து நின்றது. அதன்பின் அவர் வெகுநேரம் பேசவேயில்லை. அந்த மேசையில் அமரும் எந்த மாணவனும் இதைச் செய்திருக்கலாம் என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

சாதாரண சுவிட்ச் ஐ.பி. முகவரியைப் பார்ப்பதே இல்லை; கருவியின் நெட்வொர்க் கார்டுக்கே உரிய மேக் முகவரியை மட்டும் பார்த்து அனுப்புகிறது, எல்லோருக்கும் பொதுவான செய்தியான பிராட்காஸ்ட்டை எல்லாப் போர்ட்டுகளுக்கும் தள்ளிவிடுகிறது. எனக்கொரு முகவரி கொடு என்று கணினி அனுப்பும் டி.எச்.சி.பி. கேள்வியும் அப்படியே எங்கும் பரவுவதால், எந்தச் சர்வர் முந்திப் பதில் சொல்கிறதோ அதன் முகவரியே கணினிக்குக் கிடைக்கும். கடையின் பில் இயந்திரம் சில காலைகளில் தன் பிரிண்டரைக் காணாமல் தவித்ததற்கு அப்படி முந்திக்கொண்டு தன் முகவரியைக் கொடுத்த டியூஷன் நிலையத்தின் சிறிய ரௌட்டரே காரணம்.

ஆகவே அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச் ஒன்றை வைத்து, போர்ட்டுகளை 10, 20, 30 என்று மூன்று விலான்களாக, அதாவது ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகளாக, பிரித்தேன். ரௌட்டருக்குச் செல்லும் ஒற்றைக் கேபிள் டிரங்க்; மூன்று விலான்களும் அதன் வழியே போகும். அதில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும், அதாவது ஃபிரேமிலும், 802.1க்யூ முறைப்படி அது எந்த விலானுடையது என்று காட்டும் 4 பைட் டேக் சேர்கிறது. அதில் விலான் எண்ணுக்கு 12 பிட் இருப்பதால் 4094 விலான் வரை வைக்கலாம். நமக்கு மூன்றே போதும். டிரங்கில் டேக் இல்லாமல் வரும் ஃபிரேம்கள் சேரும் நேட்டிவ் விலானாக யாரும் பயன்படுத்தாத ஓர் எண்ணைக் கொடுத்தேன். ஒரு ஃபிரேமில் இரண்டு டேக் வைத்து வேறு விலானுக்குள் நுழையும் இரட்டை டேக் தந்திரத்துக்கு அதுவே தடுப்பு.

இத்துடன் வேலை முடிந்ததென்று பலர் எழுந்துவிடுகிறார்கள், குமரேசா. தன்னோடு நேரடியாக இணைந்த சப்நெட்டுகளுக்கிடையே ரௌட்டர் தானாகவே வழி விட்டுவிடும். யார் பக்கம் யார் போகக்கூடாது என்று ஃபயர்வால் விதி எழுதாவிட்டால், சுவிட்சில் பிரித்தது ரௌட்டரில் மீண்டும் கலந்துவிடும். ஆளுக்கொரு சுவிட்ச் வாங்கினால்தான் பாதுகாப்பு என்று நீ எத்தனை ஆண்டுகளாகச் சாதிக்கிறாய்! அந்த மூன்றும் ஒரே ரௌட்டரில் போய்ச் சேர்ந்தால், விதி இல்லாதவரை உன் மூன்று சுவிட்சும் இதே கதைதான். ஆனால் ஒன்றில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது: பொதுவான சுவிட்ச் பழுதானால் மூன்று மாடியும் ஒருசேர முடங்கும். விலான் போக்குவரத்தைப் பிரிக்குமே தவிர, பழுதைப் பிரிக்காது. அதற்காக அதே அமைப்புகளைப் பதித்த உபரிச் சுவிட்ச் ஒன்றை வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கட்டடத்தில் கிளினிக்கும் இருக்கிறது. நோயாளிகளின் விவரங்கள் இருக்கும் இடம். இந்த வாரத்திலேயே, கிளினிக்காரரின் அனுமதியோடு, விருந்தினர் வைஃபையில் சேர்ந்து அவர்களுடைய கணினியின் முகவரிக்கு ஒரு பிங், அதாவது இருக்கிறாயா என்று கேட்கும் சிறு செய்தி, அனுப்பிப் பார். பதில் வந்தால் உடனே எழுது; பதில் வராவிட்டாலும் அதை மட்டும் நம்பாமல் ரௌட்டரின் விதிகளைப் படமெடுத்து அனுப்பு, நான் வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
செழியன்