விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதித் தந்த விலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் 19 வருடங்களாகக் கணக்கு எழுதுகிறேன். 2025 நவம்பர் 28-ஆம் தேதி எங்கள் வீட்டுக்கு ஒரு 125 சிசி பைக் வாங்கினோம். ஷோரூமில் முதல்நாள் சொன்ன தொகைக்கும் கடைசியில் நாங்கள் கட்டிய தொகைக்கும் 8,544 ரூபாய் வித்தியாசம். என் சம்பளத்தில் பாதிக்கு மேல். எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பார்க்கும் பெண்களின் வீடுகளில் இதே வண்டியை, இதே ஷோரூமில், முதல் விலையையே கொடுத்து எடுத்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆடிப்பெருக்கு எங்கள் ஊருக்கு முக்கியமான நாள். அன்றைக்குத்தான் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பங்களைப் பூஜை போட்டு வெளியிடுவோம். அதே வாரத்தில் என் கணவர் ஷோரூமுக்குப் போய் ஒரு கொட்டேஷன் வாங்கி வந்தார். ஆன்ரோடு, அதாவது எல்லாச் செலவும் சேர்த்து, 1,13,200 ரூபாய். பிறகு ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறையப் போகிறது என்று பிரதமர் அறிவித்ததும், சரி, பொறுப்போம் என்று இருந்துவிட்டோம். செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. தீபாவளிக் கூட்டம் ஓயட்டும் என்று காத்திருந்து, காலண்டர் வேலையின் ஓவர்டைம் பணமும் கைக்கு வந்தபிறகு, நவம்பர் 22 அன்று நானும் கூடப் போனேன்.

விற்பனைப் பிரிவில் இருந்த தம்பிக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். மரியாதையான பையன். கால்குலேட்டரில் தட்டி, தன் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் 1,09,386 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். "குறைச்சுச் சொல்லுங்க தம்பி" என்றேன். "அக்கா, உங்களுக்காக அந்த 386-ஐ விட்டுடறேன். ஒரு லட்சத்து ஒன்பதுன்னு முடிச்சுக்கலாம்" என்றார்.

என் கணவர் உடனே தலையாட்டிவிட்டார். புது வண்டி எடுக்க வந்த இடத்தில் பேரம் பேசக் கூடாது என்பது அவர் எண்ணம். நான் அந்தக் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அச்சகத்துக்கு ஒருவர் ஆயிரம் டைரி கேட்டு வந்தால், பிளேட் இவ்வளவு, பேப்பர் இவ்வளவு, அச்சுக்கூலி, லேமினேஷன், பைண்டிங், பேக்கிங் என்று வரிவரியாகப் பிரித்துத்தான் கொட்டேஷன் கொடுப்போம். பேப்பரில் கிலோவுக்கு 50 காசு ஏறினாலும் பார்ட்டி கேட்பார், நாங்கள் பதில் சொல்வோம். அவர்கள் கேட்கும் உரிமை, ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கிற எங்களுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

"பிரிச்சுக் கொடுங்க" என்று கேட்டேன். சிஸ்டத்தில் மொத்தமாகத்தான் வரும் என்றார். மேனேஜரிடம் போய்வந்தார். அரைமணி நேரம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. அதில் இருந்தது இதுதான்: எக்ஸ் ஷோரூம் (ஜிஎஸ்டி சேர்ந்த வண்டி விலை) 82,460. ஆயுள் வரி 8,246. இன்சூரன்ஸ் 7,980. ஆர்டிஓ செலவு 2,900. ஹேண்ட்லிங் 1,800. எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் 4,650. எக்ஸ்டெண்டட் வாரண்டி 1,350.

அன்று இரவு ஆடியில் வாங்கிய கொட்டேஷனைப் பக்கத்தில் வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஆகஸ்டில் எக்ஸ் ஷோரூம் விலை 89,450. ஜிஎஸ்டி குறைந்ததால் 6,990 ரூபாய் இறங்கியிருக்கிறது. ஒரு லட்சம் வரையிலான பைக்குக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 10 சதவீதம் என்பதால் அதிலும் 699 குறைகிறது. ஆக மொத்த விலை 7,689 ரூபாய் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியதோ 3,814. மீதி 3,875 எங்கே போனது? ஆகஸ்டில் எக்ஸ் ஷோரூம் விலை, ஆயுள் வரி இரண்டுக்கும் கீழே உள்ள மற்ற செலவினங்கள் எல்லாம் சேர்த்து 14,805. நவம்பரில் அதே செலவினங்கள் 18,680. அரசாங்கம் விட்டுக்கொடுத்த வரியில் பாதி, இன்சூரன்ஸிலும் ஃபிட்டிங்கிலும் ஹேண்ட்லிங்கிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் விருதுநகரிலும் ராஜபாளையத்திலும் உள்ள வேறு ஷோரூம்களுக்குப் போன் போட்டேன். எக்ஸ் ஷோரூம் விலை மூன்று ஊரிலும் ஒன்றுதான். கீழே உள்ள செலவினங்கள்தான் ஊருக்கு ஊர் மாறின. ஒரு இடத்தில் ஹேண்ட்லிங்கே இல்லை. பேரம் எந்தச் செலவினத்தில் பேச வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இன்சூரன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பரிலிருந்து புது பைக்குக்கு ஐந்து வருடத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 75 முதல் 150 சிசி வரை அதன் பிரீமியம் 3,851 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. 2022 ஜூனில் அரசு நிர்ணயித்த தொகை அது, எந்தக் கம்பெனியில் போட்டாலும் மாறாது. மாறுவது நம் வண்டிச் சேதத்துக்கான பகுதியும், கூடச் சேர்க்கும் ஆட்ஆன்களும். இன்சூரன்ஸை ஷோரூமில்தான் போட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் அங்கே "வெளியே போட்டா கிளைம் வராதுக்கா" என்றார்கள். அது உண்மையில்லை. இன்னொன்று, வண்டி உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டையும் அதில் சேர்த்திருந்தார்கள். என் கணவர் பெயரில் உள்ள மொபெட் பாலிசியிலேயே அது இருக்கிறது. ஒருவருக்கு அப்படி ஒன்று இருந்தால் போதும், வண்டிக்கு வண்டி எடுக்க வேண்டியதில்லை. பழைய பாலிசியைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள். தெரிந்த ஏஜென்ட் ஒருவரிடம் வாங்கி வைத்திருந்த கொட்டேஷனையும் மேஜைமேல் வைத்தேன். 7,980 என்பது 6,100 ஆனது.

ஆர்டிஓ செலவு 2,900-க்கு ரசீது கேட்டேன். பைக்குக்குப் பதிவுக் கட்டணம் 300 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200. கடன் போட்டிருந்தால் அதைப் பதிய 500, நாங்கள் கடன் போடவில்லை. நம்பர் பிளேட், இதர கட்டணம் என்று எல்லாம் போட்டும் 1,350-க்கு மேல் அவர்களால் கணக்குக் காட்ட முடியவில்லை. ஹேண்ட்லிங் எதற்கு என்றதற்கு, வண்டியை லாரியிலிருந்து இறக்கித் துடைத்து வைக்க என்றார்கள். விற்கிற பொருளைக் கடைக்குள் கொண்டுவந்து வைக்கிற செலவு கடைக்காரருடையது இல்லையா? அந்த வரியை மேனேஜரே அடித்துவிட்டார்.

எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. 4,650-க்குள் சாரி கார்டுக்கு, அதாவது பின்சக்கரத்தில் புடவை சிக்காமல் தடுக்கும் காப்புக்கு, 650 ரூபாய் போட்டிருந்தார்கள். புடவை கட்டிக்கொண்டு பின்னால் உட்காருகிறவள் நான். முந்தானை சக்கரத்தில் சிக்கி விழுந்த பெண்ணை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். பின்னால் ஆள் உட்காரும் பைக்கைப் பிடிமானக் கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் காப்பு ஆகிய மூன்றும் இல்லாமல் தயாரிக்கவே கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி சொல்கிறது. வண்டியோடு ஹெல்மெட் தர வேண்டும் என்று 138-ஆவது விதியில் இருக்கிறது. வண்டியோடு வந்தே ஆக வேண்டிய பொருளை அலங்காரச் சாமான் கணக்கில் எழுதிப் பெண்களின் உயிர்ப் பயத்துக்குக் காசு வாங்குகிறார்கள். விதி எண்ணைச் சொன்னேன். அந்தத் தம்பிக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. சாரி கார்டுக்குக் காசு வாங்கவில்லை. பெயின்ட்மேல் பூசும் கோட்டிங், கிராஷ் கார்டு எல்லாம் வேண்டாம் என்றோம். சீட் கவரும் டேங்க் கவரும் மட்டும் 950-க்கு எடுத்துக்கொண்டோம். எக்ஸ்டெண்டட் வாரண்டியை நான் விடவில்லை. என் கணவர் தினமும் சாத்தூர் போய்வருகிறவர், அதற்கு 1,350 கொடுக்கலாம் என்று தோன்றியது. எல்லாவற்றையும் வெட்டுவது என் நோக்கமும் இல்லை.

வண்டியைக் காட்டியபோது இன்னொன்று. "இந்த மாசம் இறங்கின வண்டி" என்றார்கள். சீட்டின் பிளாஸ்டிக் உறை மஞ்சள் பூத்து, ஓரங்களில் தூசி படிந்து கெட்டியாகியிருந்தது. வண்டிக் கம்பெனி தரும் சான்றான படிவம் 22-ஐக் காட்டச் சொன்னோம். தயாரித்த மாதமும் வருடமும் அதில் இருக்கும். பிப்ரவரி என்று இருந்தது. ஆர்சி புத்தகத்திலும் அந்த மாதம்தான் ஏறும், நாளைக்கு விற்கப்போனால் அதை வைத்துத்தான் விலை பேசுவார்கள். வேறு வண்டி கொடுங்கள், இல்லையென்றால் விலையைக் குறையுங்கள் என்றோம். நான்கு நாளில் அக்டோபர் மாத வண்டி வந்தது.

இவ்வளவு பேச முடிந்ததற்கு ஒரு காரணம், அட்வான்ஸ் கொடுக்காமல் இருந்ததுதான். முதல்நாளே என் கணவர் 5,000 எடுத்து நீட்டினார், நான்தான் தடுத்தேன். பைண்டிங்கில் இருக்கும் ஓர் அம்மா 5,000 கட்டிவிட்டு, விலை அதிகம் என்று தெரிந்து மறுநாள் போனபோது பணம் திரும்ப வராது என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் கையில் இருந்த ரசீதை வாங்கிப் பார்த்தேன். அப்படி ஒரு வார்த்தையும் அதில் அச்சாகவில்லை. ஆனால் அவர் அதற்குள் கடன் போட்டு வண்டியை எடுத்துவிட்டார். 1,09,500.

வெள்ளிக்கிழமை ராகு காலம் கழிந்து 12 மணிக்குமேல் சாவி வாங்கினோம். மொத்தம் 1,00,456 ரூபாய். மாதக் கடைசி என்பதும் எங்களுக்கு உதவியது. மூன்று வண்டி குறைகிறது, டார்கெட் எட்டவில்லை என்று அந்தத் தம்பியே சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஃபிட்டிங் விற்றால்தான் அவருக்கு இன்சென்டிவ்.

குறைத்துக் கொடுத்தால் கம்பெனி விடாது என்றும் சில இடங்களில் சொல்கிறார்கள். 2021 ஆகஸ்டில் நாட்டின் பெரிய கார் கம்பெனியான மாருதி சுசூகிக்கு, வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் போட்டது எதற்காக? டீலர்கள் தங்கள் விருப்பப்படி கூடுதல் தள்ளுபடி கொடுக்க விடாமல் தடுத்தார்கள் என்பதற்காக. அந்த வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் தள்ளுபடி கொடுக்க டீலருக்கு இடம் இருக்கிறது என்பதற்கு எனக்கு அந்த உத்தரவே போதும்.

ஐயா, நான் கணக்குப் பார்க்கிறவள், அதனால் கேட்டேன். நாள் முழுக்க நின்று நோட்டு தைக்கிற பெண், ஆங்கிலத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு என்ன கேட்பாள்? பெட்ரோல் பங்க்கில் விலை எழுதிப் போடுகிறார்கள். ரேஷன் கடையில் இருப்பு எழுதிப் போடுகிறார்கள். ஒவ்வொரு வாகன ஷோரூமிலும், எக்ஸ் ஷோரூம் விலை, ஆயுள் வரி, பதிவுக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாகத் தமிழில் எழுதிப் பலகை வைக்கப் போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும். இன்சூரன்ஸ் எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம், எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் கட்டாயமில்லை என்ற இரண்டு வாக்கியங்களும் அதே பலகையில் இருக்க வேண்டும். புகார் சொல்ல 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும். தங்கள் நாளிதழில் பண்டிகைக்குப் பண்டிகை முழுப்பக்க வண்டி விளம்பரங்கள் வருகின்றன. அந்தப் பக்கத்தின் ஒரு மூலையில் இந்த விவரங்களைத் தாங்கள் அச்சிட்டாலும் பல குடும்பங்களுக்குப் பணம் மிஞ்சும்.

இப்போதைக்கு என்னால் ஆனதைச் செய்திருக்கிறேன். கழிவாகப் போன காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தில் அந்த ஏழு செலவினங்களையும் தமிழில் எழுதி, எதில் என்ன கேட்க வேண்டும் என்று பக்கத்திலேயே குறித்து, பைண்டிங் பகுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் பொங்கலுக்கு மகனுக்கு வண்டி எடுக்கிறார். வருகிற சனிக்கிழமை ஷோரூம் போகிறார்கள். நானும் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்டநாள் வாசகி,
சிவகாசி.