கவுண்டிகளைக் கழிக்கும் முன் டெர்பிஷயரை நினையுங்கள்

இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் கிரிக்கெட் வாரியத்தினருக்கு,

வணக்கம். மாவட்டங்களின் பெயரில் ஆடும் கவுண்டி அணிகள் 18 இருப்பது அதிகம், சிலவற்றைக் கழித்தால் ஆட்டத்தின் தரம் கூடும் என்ற பேச்சு அவ்வப்போது கிளம்புகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவற்றில் ஒன்றான டெர்பிஷயரின் 1884-ஆம் வருடம் ஞாபகம் வந்துவிடும். அந்த சீசனில் பத்து கவுண்டி ஆட்டங்கள், பத்திலும் தோல்வி.

அவர்களுக்குப் பந்துவீச ஆள் இல்லாமல் இல்லை. வில்லியம் மைக்ராஃப்ட் என்ற இடதுகை வேகப்பந்து வீச்சாளர் 1876-இல் சவுத்தாம்ப்டனில் ஹாம்ப்ஷயருக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 103 ரன் கொடுத்து 17 விக்கெட் எடுத்தார். முதல் இன்னிங்ஸில் ஒன்பது, அடுத்ததில் எட்டு. அந்த ஆட்டத்தையும் டெர்பிஷயர் ஒரு விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது! ஒரு மனுஷன் இதற்கு மேல் என்னதான் செய்வான்?

கையில் காசும் இல்லை. குளிர்காலத்திலாவது கொஞ்சம் வருமானம் வரட்டும் என்று கிரிக்கெட் கிளப்காரர்கள் அதே 1884-இல் ஆரம்பித்ததுதான் டெர்பி கவுண்டி கால்பந்து கிளப். ஆனாலும் நல்ல ஆட்டக்காரர்கள் தங்கவில்லை. ஷாக்லாக் நாட்டிங்ஹாம்ஷயருக்குப் போனார், அப்புறம் ஃபிராங்க் சக் லங்காஷயருக்கு. 1887-இல் ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி, அதோடு முதல்தர அந்தஸ்தும், அதாவது உயர்மட்ட அணி என்ற அங்கீகாரமும், போனது.

அது போன பிறகுதான் இன்னொரு இடி. கல்யாணம் செய்துகொண்டு டெர்பிஷயர் பக்கம் வந்துவிட்ட ஆஸ்திரேலியாவின் ஸ்போஃபோர்த், 1882 ஓவல் டெஸ்டில் 14 விக்கெட் எடுத்த அதே ஸ்போஃபோர்த், 1890-இல் இவர்களுக்காக ஆடியதோடு நிற்காமல், கிளப் பணம் கையாடப்பட்டதையும் கண்டுபிடித்தார். எடுத்தவர் அணியின் முதல் கேப்டனாக இருந்த சாமுவேல் ரிச்சர்ட்சன். அவர் ஸ்பெயினுக்கு ஓடிவிட்டார்.

இந்த நிலையில் ஒரு கிளப்பை இழுத்து மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். டெர்பிக்காரர்கள் மூடவில்லை. 1894-இல் அந்தஸ்தைத் திரும்ப வாங்கினார்கள், 1895-இல் கவுண்டிகள் மோதும் சாம்பியன்ஷிப் போட்டியில் இடம் கிடைத்ததும் முதல் வருடமே ஐந்தாவதாக வந்தார்கள். 1936-இல் பட்டத்தையே ஜெயித்தார்கள்.

சரி, உங்களுக்கும் வரவு செலவு நெருக்கடி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாலைந்து சீசன் கணக்கை மட்டும் பார்த்து ஒரு ஊரின் அணியை எடைபோடாதீர்கள். அடுத்த தடவை எந்தக் கவுண்டியைக் கழிப்பது என்று பேச உட்கார்ந்தால், அந்தக் கூட்டத்தை லார்ட்ஸில் வைக்காமல் டெர்பி மைதானத்தில், உள்ளூர் உறுப்பினர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து நடத்துங்கள்.

இப்படிக்கு,
கவுண்டி கிரிக்கெட்டை விடாமல் பின்தொடரும் ஒரு ரசிகன்